திரையில் தெரிந்த கஞ்சி

போன மாதம் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில், முன்பு என்னிடம் வேலை பழகிய ஒரு தாதியைச் சந்தித்தேன். இப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி. அதைத் தொலைபேசியோடு பொருத்தி நோயாளியின் உடம்பில் வைத்தால், நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதா, வயிற்றில் சீழ் இருக்கிறதா என்று கட்டிலடியிலேயே பார்த்துவிடலாமாம். "உங்கட காலத்தில இதுகள் இல்லாமல் என்னண்டு மிஸ் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"எங்களிட்டயும் இருந்தது" என்றேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை. அதற்குள் பாயசம் வந்துவிட்டது, கதை வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சண்டைக் காலத்தில் வன்னியில் நாங்கள் வெறுங்கையோடு நின்றோம் என்றுதான் இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்களிடம் ஒரு ஸ்கான் மெசின் இருந்தது. அதை வைத்து நாங்கள் கண்டுபிடித்தவையும் உண்டு, கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு காணாமல் விட்டதும் உண்டு.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன், தொப்பி சரிந்து நிற்கிறது என்று திட்டு வாங்கினேன், சித்தியடைந்தேன். முதல் நியமனம் வவுனியா. தொண்ணூறுகளின் நடுவில் வன்னிக்குள் மாற்றம் கிடைத்தது. இரண்டு வருடம் என்றுதான் சொன்னார்கள். பாதை பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். நான் உள்ளேயே இருந்துவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியும் சனங்களைப் போல இடம்பெயர்ந்ததுதான். பெயர் இங்கே வேண்டாம். புதுக்குடியிருப்புப் பக்கம், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. மேல்வகுப்பு நடந்த அறைதான் சத்திரசிகிச்சைக் கூடம். அதற்குப் பக்கத்து அறையில் ஆறு கட்டில் போட்டு, ஒட்சிசன் சிலிண்டர் வைத்து, கடுமையான நோயாளிகளை அங்கே கிடத்துவோம். 'தீவிர அறை' என்று கதவில் சோக்கட்டியால் எழுதியிருந்தது. அதற்குப் பொறுப்பான தாதி நான்.

அந்த மெசின் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் லொறியில் வந்தது. தையல் மெசின் பெட்டியளவு இருக்கும், கறுப்பு வெள்ளைத் திரை. சில்லு வைத்த தள்ளுவண்டியில் வந்தாலும் எங்கள் வெடித்த சீமெந்துத் தரையில் அது உருளாது. அதனால் நானும் அற்றன்டன் கந்தையா அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவோம். மூச்சு வாங்குகிற நோயாளியை இழுத்துக்கொண்டு மெசினிடம் போவதை விட இது நல்லது என்று எங்கள் டி.எம்.ஓ., அதாவது பொறுப்பு வைத்திய அதிகாரி, முதல் நாளே சொல்லிவிட்டார்.

மின்சாரம் ஜெனரேற்றரில் இருந்து. பெற்றோல் கிடைப்பது அரிது. ஒரு துளி பெற்றோலை விட்டு இயக்கிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். அந்த மண்ணெண்ணெயும் அளந்துதான் வரும். ஆகவே காலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளை அவிக்கிற நேரத்துக்கு மட்டும் ஜெனரேற்றர் ஓடும். ஸ்கான் பார்ப்பதென்றால் அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி கொடுத்து முடிகிற நேரமும் அதுதான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஸ்கான் பார்க்க உடம்பில் பூசுகிற ஜெல் முதல் போத்தலோடு தீர்ந்துவிட்டது. அடுத்த போத்தல் சோதனைச் சாவடி தாண்டி வரவேயில்லை. கந்தையா அண்ணை மரவள்ளிக் கிழங்கு மாவைக் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறி, துணியில் வடித்து, ஆறவிட்டுக் கொண்டுவருவார். கட்டி இருந்தால் திரையில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு நோயாளி, "சாப்பிடுற சாமானை ஏனப்பா வெளியால பூசுறியள், உள்ளுக்குத் தந்தால் சுகமாயிடுவன்" என்றார். கந்தையா அண்ணை அதற்கு, "உப்பும் போட்டிருக்கு, நக்கிப் பாருங்கோ" என்றார்.

டி.எம்.ஓ. ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஐம்பது வயது தாண்டிய மெலிந்த மனிதர். சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை, அதனாலேயே எனக்கு அவரிடம் பயம் அதிகம். கட்டிலடியில் ஒரு ஸ்ரூலைப் போட்டு நோயாளியின் கண் மட்டத்துக்கு இருப்பார். கருவியின் முனையைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். "அம்மா, இதில கொஞ்சம் தொடப் போறன்" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "என்ன தெரியுது?" என்பார். புதிதாக வந்த ஓர் இளம் டொக்டர் ஒருமுறை, "சீழ்க்கட்டி, சேர்" என்று உடனே சொன்னார். ஐயா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "என்ன வருத்தம் எண்டு நான் கேக்கேல்ல தம்பி. என்ன தெரியுது எண்டு கேட்டனான்" என்றார். கறுப்பாக இருக்கிறது, ஓரம் தடிப்பாக இருக்கிறது, உள்ளே துகள் மிதக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

அந்த மெசின் எங்களுக்கு நிறைய உதவியது. வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியா. இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கிருமி இருக்கும், ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் அதுவாக இருக்காது. கள்ளுச் சீவுகிற ஒருவரை மூன்று முறை மலேரியா என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் கட்டிலில் வைத்துப் பார்த்தபோது ஈரலுக்குள் தேங்காயளவு சீழ். ஊசியால் உறிஞ்சி எடுத்ததும் மறுநாளே எழும்பி இருந்து சுருட்டுக் கேட்டார். சளிக் காய்ச்சலோடு வந்த குழந்தைகளுக்கு நெஞ்சுக் கூட்டில் சீழ் கட்டியதை அடிக்கடி கண்டோம். எக்ஸ்ரே பிலிம் இல்லாத நாட்களில் அது பெரிய காரியம்.

ஒருமுறை நாங்கள் தலைகுனிய வேண்டி வரப் பார்த்தது. காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு கறுப்புக் குளம் தெரிந்தது. உள்ளே துகள் மிதந்தது. ஐயா ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். வாத்தியார் மரியாதையாக, "டொக்டர், நான் இப்பதான் கஞ்சி குடிச்சனான். ஊசி போட்டால் பாதகமில்லையோ?" என்று கேட்டார். ஐயா ஊசியை வைத்துவிட்டார். திரையில் தெரிந்தது வாத்தியாரின் இரைப்பை. தண்ணிக் கஞ்சியும் சீழும் அந்தத் திரையில் அச்சொட்டாக ஒன்றுபோலவே இருக்கும். அன்றையிலிருந்து இடப்பக்கத்தில் எதைக் கண்டாலும் முதலில் கஞ்சி குடித்தாரா என்று கேட்பது எங்கள் வழக்கமாகியது.

அதற்குப் பிறகுதான் முனியாண்டி வந்தார்.

மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லய அறையில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, பரந்தனுக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணியில் பயிர் செய்தவர். சண்டையில் அங்கிருந்தும் எழும்பித் தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு கொட்டிலில் மனைவி பாக்கியத்தோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. பிறத்தியாருடைய மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாம்பன் மாடு இடப்பக்க விலாவில் முட்டிவிட்டது. ஐயா காயத்தைத் திறந்து கழுவித் தைத்தார். காயம் வெளியே அழகாக ஆறியது. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளில் குளிரும் காய்ச்சலுமாக மாட்டுவண்டிலில் திரும்பி வந்தார். மூச்சு வேகமாக ஓடியது, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தீவிர அறையில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டோம்.

இரத்தப் பரிசோதனையில் மலேரியாக் கிருமி இருந்தது. குயினைன் சேலைனில் ஏற்றினோம். காய்ச்சல் இறங்கவில்லை. ஐயா ஸ்கான் மெசினைக் கொண்டுவரச் சொன்னார். மண்ணீரல் பெரிதாக இருந்தது. வன்னியில் வருடக்கணக்காக மலேரியா பிடித்தவர்களுக்கு அது பெருத்துத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குளம், உள்ளே துகள்.

"கஞ்சி குடிச்சவரோ?" என்று ஐயா பாக்கியத்திடம் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. முழுசும் குடிச்சாரு" என்றாள் பாக்கியம்.

காலிக் கிண்ணம் கட்டிலுக்குக் கீழே இருந்தது. நானும் கண்ணால் கண்டேன். ஐயா தலையாட்டிவிட்டு மருந்தை மட்டும் மாற்றினார். அடுத்த நாளும் அதே நேரம், அதே கறுப்பு, அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படியே. முனியாண்டி ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டிருந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் முனகலோடு நிறுத்திக்கொண்டார். எங்களிடம் இருந்த மருந்துகளில் இனி மாற்றுவதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எனக்குப் பாக்கியத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நிலத்தில் சாக்கை விரித்து இருந்துகொண்டு கணவருடைய காலைப் பிடித்தபடியே இருப்பாள். யாரோடும் கதைக்க மாட்டாள்.

ஒரு காலை, இனி அதிக நாள் தாங்காது என்று ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டிய நேரம் வந்தால் ஐயா அவர்களையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார். வெறும் வாயால் சொன்னால் தங்களைப் பேய்க்காட்டுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார்களாம். பாக்கியத்தை எழுப்பித் தன் ஸ்ரூலில் இருத்தினார். தான் நின்றுகொண்டார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. இதுதான் மண்ணீரல். காய்ச்சலால வீங்கிக் கிடக்கு" என்று விரலால் காட்டினார். "இது நெஞ்சறை. இதில தண்ணி இல்லை, நல்லம். இந்தக் கறுப்பு இருக்கெல்லே, இது பயப்பிட ஒண்டுமில்லை. காலமை அவர் குடிச்ச கஞ்சி."

பாக்கியம் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. பசி மயக்கமாக்கும் என்று நினைத்து நான் தோளைப் பிடிக்கப் போனேன். அவள் ஸ்ரூலை விட்டு எழும்பிக் கையைக் கூப்பினாள்.

"அது கஞ்சி இல்லீங்க ஐயா" என்றாள்.

ஐயா திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். காத்திருந்தார்.

"அவரு ஒரு வாயிகூடக் குடிக்கலீங்க. வந்த நாள்லேருந்து எதுவும் எறங்கல. கஞ்சிய நாந்தாங்க குடிச்சேன்."

அறையில் எல்லாருக்கும் கேட்டது. சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான், கூட நிற்கிறவர்களுக்குக் கிடையாது. அதுவும் நோயாளி குடிக்காமல் கிண்ணம் நிறையத் திரும்பி வந்தால், அடுத்த நாள் அந்தப் பங்கு வேறு கட்டிலுக்குப் போய்விடும். அரிசி தட்டுப்பாடான காலத்தில் எங்கள் சமையலறை அப்படித்தான் நடந்தது. அதனால்தான் பாக்கியம் கிண்ணத்தைக் காலியாக்கிக் காட்டினாள். தின்ன வேறு ஒன்றும் இல்லாமல் அந்த ஒரு கிண்ணத்தில்தான் அவள் அத்தனை நாளும் உயிரோடு இருந்திருக்கிறாள். நோயாளியின் கஞ்சியைத் திருடினேன் என்று தன்னைத் துரத்தப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐயா அவளுடைய கூப்பிய கையைக் கீழே இறக்கிவிட்டார். "நல்ல காலம் சொன்னீங்கள்" என்றார். பிறகு என்னிடம், "மிஸ், மூக்குக் குழாய்" என்றார்.

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு ஊசிக் குழலால் இழுத்தோம். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். இரைப்பை வெறுமை. ஐயா முனையைத் திரும்ப விலாவுக்குக் கீழே வைத்தார். கறுப்புக் குளம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடு முட்டிய இடத்துக்கு உள்ளே, மண்ணீரலை ஒட்டி, அத்தனை நாளும் சீழ் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டால் போதாது, எடுக்க வேண்டும். வீங்கிய மண்ணீரலில் ஊசி பட்டால் இரத்தம் நிற்காது. எங்களிடம் இரத்த வங்கி இல்லை. கந்தையா அண்ணையை ஜெனரேற்றரடிக்கு அனுப்பி, "ஐயா சொல்லுமட்டும் நிப்பாட்டக் கூடாது. கருவி அவிச்சு முடிஞ்சாலும் ஓடட்டும்" என்றேன். முனியாண்டியை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தோம். இளம் டொக்டர் ஸ்கான் முனையை அசையாமல் பிடித்தார். மரவள்ளிப் பசை வழிந்து கட்டிலெல்லாம் பிசுபிசுத்தது. ஐயா தோலை மரக்கச் செய்து, கடைசி விலாவுக்குக் கீழே பின்பக்கமாக ஊசியை விட்டார். திரையில் அது ஒரு வெள்ளைக் கோடாக நகர்ந்தது. மண்ணீரலின் ஓரத்தை உரசாத குறையாகப் போனது. ஐயாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைத்துவிட்டேன்.

ஊசிக் குழலுக்குள் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் ஏறியது. நாற்றம் அறையை நிறைத்தது. அந்த நாற்றத்தில் சந்தோசப்பட்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். சீழ் வடிக்கிற குழாய் இல்லாததால் சிறுநீர்க் குழாய் ஒன்றை அவித்து உள்ளே விட்டு, மறுமுனையை வெறும் சேலைன் போத்தலுக்குள் இறக்கிக் கட்டினோம். பாக்கியம் கதவடியில் நின்று போத்தல் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் முனியாண்டி தண்ணீர் கேட்டார். பிறகு கஞ்சி கேட்டார். அதைக் கேட்டதும் பாக்கியம் வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதாள். அதற்குள் ஐயா சமையலறைக்குப் போய், தீவிர அறைக் கட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிண்ணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கஞ்சியில் தண்ணீர் கூடியது, ஆனால் கிண்ணம் இரண்டு வந்தது. ஸ்கான் பார்க்கிற நாளில் கூட நிற்கிறவரிடம், "நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று முதலில் கேட்கச் சொன்னார். அதற்கு உண்மையான பதில் வந்த பிறகுதான் நோயாளி சாப்பிட்டதைப் பற்றிக் கேட்போம்.

முனியாண்டியைச் சாதாரண நோயாளர் விடுதிக்கு மாற்றினோம், அங்கேயும் அவருடைய கட்டிலுக்கு இரண்டு கிண்ணம் போனது. போத்தலில் சீழ் குறைந்து, பிறகு நின்றது. குழாயை எடுத்தோம். வீட்டுக்கு விடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று மெசினைத் தூக்கிக்கொண்டு போனோம். ஐயா மெதுவாக இடப்பக்கம் முழுவதும் தேடினார். சுத்தமாக இருந்தது. "எல்லாம் ஆறிப்போச்சு. நாளைக்கு வீட்ட போகலாம்" என்றார். முனியாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பாக்கியம் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கொட்டிலில் அரிசி இல்லை, மாடு மேய்க்கிற வேலையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று முந்திய நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். ஐயாவுக்குக் கிட்டப் போய், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்களேன்."

ஐயா அவளைப் பார்த்தார். கருவியின் முனையைத் துடைக்கத் தொடங்கியவர், கொஞ்சம் பசையை எடுத்துப் பூசி, அதைத் திரும்பவும் முனியாண்டியின் விலாவில் வைத்தார். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "கொஞ்சம் கிடக்குப் போலதான் இருக்கு. இன்னும் ஒரு கிழமை இருங்கோ."

திரையில் ஒன்றும் இருக்கவில்லை. முனியாண்டியின் விலாவில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு, அந்தக் கட்டிலுக்கு நாளைக்கும் இரண்டு கிண்ணம் வேண்டும் என்று சொல்ல நான் சமையலறைக்குப் போனேன்.